சாவி யார் இடுப்பில்?

தங்கை மகனுக்கு வாங்கிய டேப்லெட்டில் பூட்டுப் போட்டுத் தருகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவில் போன், வைஃபை என்று எது மக்கர் பண்ணினாலும், "ண்ணா, கொஞ்சம் பாத்துக் குடு" என்று என்னிடம்தான் வருவார்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க்கைத் திறந்தேன். பிள்ளையின் டேப்லெட்டைப் பெற்றோர் தம் போனிலிருந்து கவனிப்பதற்கான செயலி அது. தங்கையின் போனோ காலையில் ஷூ கம்பெனி கேட்டிலேயே பெட்டிக்குள் போய்விடும். சாயங்காலம் வரை அவள் ஸ்டிச்சிங் லைனில்.

எங்கள் வீட்டின் முதல் பூட்டு டிவியோடு வந்தது. சாலிடேர் டிவி, இழுத்து மூட மர ஷட்டர், அதற்கொரு சின்னப் பூட்டு. அன்றைக்குச் சாலிடேர், டயனோரா வைத்திருந்த பல வீடுகளில் இந்த ஷட்டர் உண்டு. சாவி ஆயாவின் இடுப்பில், சுருக்குப்பையில், வெற்றிலையோடு கிடக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், அவ்வளவுதான். அந்தப் பூட்டு ஹேர்பின்னுக்கே திறக்கும். ஆயா வீட்டில் இருந்ததால் யாரும் ஹேர்பின்னைத் தேடவில்லை.

பிறகு சில மாதம் பூட்டே தேவைப்படவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்ன காலம். பாலாற்றைக் கெடுத்ததற்காகத் தோல் பதனிடும் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு என்று உத்தரவு. நைனா வேலை பார்த்த டேனரி மூடிக் கிடந்தது. அவர் வீட்டில் கிடந்தார். கூலி இல்லாத மனுஷன் எதிரே உட்கார்ந்திருக்கையில் டிவி போட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா திண்ணையில் ஷூவுக்கு அப்பர் தைப்பாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே "இன்னாடா அங்க?" என்பாள். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூலி எதற்கும் காணாது, விரலெல்லாம் தழும்பு. தங்கை கம்பெனி பஸ் ஏறிப் போய் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு சம்பளம் வாங்குகிறாள். அது எவ்வளவோ மேல். திண்ணையில்தான் ஆள் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் ஒரு பக்கம். பாடத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரே போன். 2020 செப்டம்பரில் அரசே பப்ஜியைத் தடை செய்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குத் தாவினார்கள். ஒவ்வொரு செயலியாகத் தேடிப் பிடித்துத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை போனது அப்போதுதான்.

அதனால் தங்கை மகனுக்கு வேறு மாதிரி வைத்தேன். புதிதாக எது இறக்கினாலும் அனுமதி வேண்டும். அந்தக் கோரிக்கை சாயங்காலம் வரை காத்திருந்தால் குடி முழுகாது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், இரவு ஒன்பதுக்கு மேல் திறக்காது. ஐந்து வயதைத் தாண்டிய சின்னப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குத் திரை நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் யோசனை. யூடியூபில் 9 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான மேற்பார்வை அமைப்பு. இதெல்லாம் டேப்லெட்டிலேயே தானாக நடக்கும், ஆள் வேண்டாம்.

ஆள் வேண்டியது நடுப்பகலில். லீவு நாளில் நேரம் முடிந்து டேப்லெட் பூட்டிக்கொள்ளும், பையன் கத்துவான், தங்கையின் வயதான மாமியார் திணறுவார். பெற்றோர் போனில் தெரிகிற ஒரு எண்ணைப் போட்டால் இன்டர்நெட் இல்லாமலே திறக்கும். அந்தப் போன்தான் கம்பெனி பெட்டியில் இருக்கிறதே. குடும்பக் குழுவில் இன்னொருவரையும் பெற்றோராகச் சேர்க்க முடியும் என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. தங்கை மாப்பிள்ளை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போன் நாளெல்லாம் சட்டைப்பையில்தான். கேட்டதற்கு, "புள்ள விஷயம்லாம் அவளுக்குத்தான் தெரியும் மச்சான்" என்றார். அவரை உட்கார வைத்துச் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தேன். இப்போது பையன் கூடுதல் நேரம் கேட்டு அப்பாவுக்குத்தான் போன் போடுகிறான். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அவர் முடியாது என்கிறார், சில நாள் சரி என்கிறார்.

டேப்லெட் வாங்கிக் கொடுக்கப் போகிறீர்களா? எந்தச் செயலி நல்லது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால், பகல் பதினோரு மணிக்கு உங்கள் குடும்பத்தில் போனை எடுக்கக்கூடியவர் யார் என்று பாருங்கள். அது அப்பாவாக இருந்தால், அவரையும் பெற்றோர் பட்டியலில் போடுங்கள்.