பழைய காலுக்கும் ஒரு வேலை உண்டு

ஏப்ரல் மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பேரனுடையது ஒன்று, என்னுடையது மற்றது. இரண்டு பேருக்கும் அணி ஒன்றுதான், ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ். யாரை ஆட்டத்தில் இறக்க வேண்டும், யாரை வெளியே இருத்த வேண்டும் என்பதில்தான் சண்டை. 2025 இல் அந்தச் சண்டை மக்ஸ் பச்சொரெற்றி என்ற 36 வயது ஆட்டக்காரரைப் பற்றியதாக இருந்தது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

ஹொக்கி பார்க்காத நண்பர்களுக்காக ஒரு பத்தி எழுதிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். நான் சொல்வது பனித்தளத்தில் ஆடும் ஹொக்கி. என்.எச்.எல். தொடரில் அந்தப் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டம். அதில் தேறிய 16 அணிகள் ஸ்ரான்லி கிண்ணத்துக்காக மோதும். இதுதான் பிளே-ஓஃப். ஒரே எதிரியோடு 7 ஆட்டம் வரை. முதலில் 4 வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இப்படி 4 சுற்று. கிண்ணத்தைத் தூக்க 16 வெற்றி வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 20 பேர்தான் உடுப்புப் போடலாம். வழமையாக அதில் 12 பேர் முன்கள ஆட்டக்காரர். மும்மூன்று பேராக நாலு வரிசை. ஒரு வரிசை முக்கால் நிமிடம் அளவில் முழு மூச்சாக ஓடிவிட்டு வந்து உட்காரும், அடுத்தது உள்ளே குதிக்கும். முதல் இரண்டு வரிசையிலும் நட்சத்திரங்கள். அவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் வீடு கொள்ளை போகாமல் பார்ப்பது மூன்றாம், நாலாம் வரிசைகளின் வேலை. ஆங்கில வர்ணனையாளர்கள் இதை 'டெப்த்' என்பார்கள். நான் கையிருப்பு என்கிறேன். கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்குச் சோறு பற்றாமல் போய்விடுமோ என்று பின்னறையில் ஒரு மூட்டை அரிசி வைத்திருப்பார்களே, அதைப் போல.

பச்சொரெற்றி அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தவர். மொன்றியல் அணியில் வளர்ந்து அதன் தலைவராகவும் இருந்தவர். ரொறொன்ரோக்காரருக்கு மொன்றியல் பரம்பரைப் பகை. ஆகவே பல வருடம் அவர் எங்களுக்கு எதிராளி. 2011 மார்ச் 8 அன்று மொன்றியல் அரங்கில், பொஸ்ரன் அணியின் ஷாரா இடித்ததில், கண்ணாடித் தடுப்பைத் தாங்கும் கம்பத்தில் அவருடைய தலை மோதியது. கழுத்து முள்ளெலும்பில் முறிவு, மூளையில் பலத்த அதிர்ச்சி. அடுத்த பருவத்தில் திரும்பி வந்து 33 கோல் போட்டார். விடாமுயற்சிக்காகக் கொடுக்கும் மாஸ்ரர்ரன் விருது 2012 இல் அவருக்குக் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. 2022 இல் கரோலினா அணிக்குப் போன கையோடு குதிக்கால் தசைநாண் அறுந்தது. அக்கிலீஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் நாண். ஐந்து மாதத்தில் திரும்பி வந்து 5 ஆட்டம் ஆடினார், 3 கோல். ஐந்தாவது ஆட்டத்தில் அதே நாண் மறுபடியும் அறுந்தது. பிறகு வாஷிங்ரனில் ஒரு பருவம். 2024 இலையுதிர் காலத்தில் ரொறொன்ரோவுக்கு வந்தபோது கையில் ஒப்பந்தம்கூட இல்லை. பயிற்சி முகாமில் ஆடிக் காட்டித்தான் இடம் பிடித்தார். அதன் பிறகும் 82 ஆட்டத்தில் 37 தான் ஆட முடிந்தது, கோல் 5. பெப்ரவரி முற்பகுதிக்குப் பிறகு களத்தில் காணவே இல்லை.

ஒட்டாவாவுக்கு எதிரான முதல் சுற்றில் முதல் இரண்டு ஆட்டமும் அவர் வெளியேதான் இருந்தார். மூன்றாவது ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே அவரை இறக்கினார். அவருக்காக வெளியே போனவர் நிக் றொபேட்சன். 23 வயது, நல்ல வேகம், அந்தப் பருவத்தில் 15 கோல்.

பேரன் கொதித்துப் போனான். பாதி ஆங்கிலத்தில் அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அப்பப்பா, ரெண்டு மாசமா ஆடாத ஆளைக் கொண்டுவந்து விடினம். ஓடித் திரியிற பெடியனை வெளியில இருத்தினம். நடுவில கால் திரும்ப அறுந்தா என்ன செய்வினம்?"

கேள்வி நியாயமானது. நடு ஆட்டத்தில் ஒருவர் விழுந்தால் 11 பேரை வைத்துத்தான் மிச்ச நேரத்தை ஒப்பேற்ற வேண்டும். வரிசைகள் குழம்பும். நட்சத்திரங்கள் கூடுதலாக ஓடிக் களைப்பார்கள். காயம் பட்ட உடம்பை இறக்குவது, அந்த ஓர் ஆளின் உடம்பை மட்டும் பணயம் வைப்பது அல்ல.

ஆனால் பேரனுடைய கணக்கு 82 ஆட்டத்துக்கு உரிய கணக்கு என்பது என் கட்சி. நீண்ட பருவத்தில் அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு நகரங்களில் ஆட வேண்டி வரும். நடுவில் விமானம், விடுதிக் கட்டில். பழைய காலுக்கு அது ஆகாது. பிளே-ஓஃபில் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஆட்டம். வீங்கிய மூட்டுக்கு ஐஸ் வைக்கவும் பிசைந்து விடவும் ஒரு நாள் கிடைக்கிறது. மூட்டு வலி உள்ள நாங்கள் எல்லோரும் அறிவோம், அந்த ஒரு நாளின் பெறுமதி என்னவென்று.

அடுத்தது, ஆட்டமே மாறிவிடுகிறது. பிளே-ஓஃபில் நடுவர்கள் சின்னச் சின்ன இழுபறிகளைக் கண்டும் காணாமல் விடுவார்கள். ஓடுவதற்கு வெளி கிடைக்காது. வேகமான பெடியன்கள் சுவரில் முட்டிய மாதிரி நிற்பார்கள். பலகை ஓரத்தில் முதுகைக் கொடுத்து நின்று பக்கைக் காப்பாற்றுவதும், வலைக்கு முன்னால் நின்று அடி வாங்குவதும்தான் அப்போது கோலாகும். அதற்குக் கால் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது பல வருடம் அடிபட்டுப் படிக்கும் பாடம்.

நடந்ததைச் சொல்கிறேன். 3-0 என்று முன்னணியில் இருந்த லீஃப்ஸ் அடுத்த இரண்டையும் கோட்டை விட்டது. இந்த ஊரில் அந்த நாட்களில் யாரைக் கேட்டாலும் "திரும்பவும் அதே கதைதான்" என்றார்கள். மே 1 அன்று ஒட்டாவாவில் ஆறாவது ஆட்டம். 2-0 என்று இருந்தது 2-2 ஆகிவிட்டது. ஆறு நிமிடம்கூட மீதமில்லாத நேரத்தில் பச்சொரெற்றி கோல் போட்டார். கடைசியில் 4-2, சுற்று வெற்றி. அடுத்த சுற்றில் புளோறிடாவிடம் 3-2 என்று பின்தங்கி, தோற்றால் வீட்டுக்கு என்ற நிலையில் ஆடிய ஆறாவது ஆட்டத்தை லீஃப்ஸ் 2-0 என்று வென்றது. ஒரு கோல் மத்தியூஸ், மற்றது பச்சொரெற்றி. அந்த பிளே-ஓஃபில் 11 ஆட்டம் ஆடி 3 கோலும் 5 உதவியும் அவர் கணக்கு. மத்தியூஸின் ஒப்பந்தம் வருடத்துக்கு 132 இலட்சம் டொலருக்கு மேல். பச்சொரெற்றியின் அடிப்படைச் சம்பளம் 9 இலட்சத்துக்கும் குறைவு.

எங்கள் வயதுக்காரருக்கு இது புதிய கதையல்ல. நோர்த் யோர்க்கில் பிறந்த கரி றொபேட்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். கழுத்து நரம்புச் சிக்கலால் 30 வயதில் ஓய்வு பெற்றவர். அந்த 1996 இல் அவருக்கும் மாஸ்ரர்ரன் விருது கிடைத்தது. ஒரு பருவம் முழுவதும் வெளியே இருந்து உடம்பைப் புதிதாகக் கட்டி எழுப்பி, 1997 இல் திரும்பி வந்தார். 2002 இல் இதே ஒட்டாவாவுக்கு எதிராக, மூன்றாவது மேலதிக நேரத்தில் அவர் போட்ட கோலை நள்ளிரவு தாண்டிப் பார்த்தவர்கள் இந்த வலைப்பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். 2008 இல், பிற்ஸ்பேர்க் அணிக்காக, அந்தப் பருவத்தில் கால் முறிந்து தேறிய 41 வயது மனிதர் முதல் பிளே-ஓஃப் ஆட்டத்திலேயே 2 கோல் போட்டார், அதுவும் ஒட்டாவாவுக்கு எதிராக. அதற்காக எல்லா ஆட்டத்திலும் அவரை இறக்கவில்லை. சிலவற்றில் இறக்கினார்கள், சிலவற்றில் இருத்தினார்கள்.

அந்த றொபேட்ஸிடம் உடற்பயிற்சி பழகியவர் நம் பக்கத்து மார்க்கத்தில் பிறந்த ஸ்ரீவன் ஸ்ராம்கோஸ். முறிந்த கால், இரத்தக் கட்டி, முழங்கால் சவ்வு என்று அவர் பார்க்காத சத்திர சிகிச்சை குறைவு. 2020 இல் கோவிட் காரணமாக ஆளில்லாத எட்மன்ரன் அரங்கில் இறுதிச் சுற்று நடந்தது. ரம்பா பே அணித் தலைவரான ஸ்ராம்கோஸ் அந்த பிளே-ஓஃபில் அதுவரை ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் இறங்கினார். மொத்தம் 5 தடவை, 2 நிமிடம் 47 விநாடி. அதற்குள் ஒரு கோல். பிறகு உடம்பு விடவில்லை. மிச்ச ஆட்டம் முழுவதும் வாங்கிலிருந்து பார்த்தார். அதன் பின் ஆடவும் இல்லை. அந்த ஆட்டத்தை ரம்பா 5-2 என்று வென்றது, கிண்ணத்தையும் வென்றது. 2 நிமிடம் 47 விநாடி ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எல்லா முறையும் இப்படி நடக்காது. 2021 இல் லீஃப்ஸ் நிக் ஃபொலீனோவைக் கொண்டுவர முதல் சுற்றுத் தெரிவு உரிமையையே விட்டுக் கொடுத்தது. 33 வயது, நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி. உடம்பு ஒத்துழைக்கவில்லை. மொன்றியலுக்கு எதிரான 7 ஆட்டத்தில் 4 தான் ஆடினார், ஒரு கோலும் இல்லை. 3-1 என்று முன்னணியில் இருந்த சுற்றையும் தோற்றோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையிருப்புக்கு என்று ஒருவரை எடுத்தால் கையிருப்புக்கு உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். மூலபலத்தின் விலையைக் கொடுத்தால் அவர் மூலபலமாக நிற்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். அந்தப் பாரத்தை நொந்த முதுகு தாங்காது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் வார்ப்புத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். அங்கே வயதான இத்தாலியர் ஒருவர் இருந்தார். இடுப்பில் எப்போதும் அகன்ற பட்டி. பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இயந்திரங்களுக்கு நடுவில் ஒரு கதிரை போட்டு அவரை இருத்தியிருப்பார் எங்கள் சுப்பவைசர். அதிகாலை மூன்று மணிக்குப் புதிய அச்சு சரியாகப் பொருந்தாமல் பிளாஸ்ரிக் பிதுங்கும்போது அவரைக் கூப்பிடுவார். அவர் எழுந்து வந்து இயந்திரத்தில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். இரண்டு ஆணியை முறுக்குவார். திரும்பிப் போய் உட்காருவார். இளம் பெடியன்கள், கதிரையில் இருக்கிறவருக்கும் அதே சம்பளமா என்று முணுமுணுப்பார்கள். நான் கவனித்தது சுப்பவைசரை. வேலை சுமுகமாகப் போகிற இரவுகளில் அவரை அந்த மனிதன் ஒரு பெட்டிகூடத் தூக்க விட்டதில்லை. "இன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை" என்று நேரே வந்து சொல்லுவார். மறைவாகப் பெயரை வெட்டியதில்லை.

பச்சொரெற்றியைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கதிரைதான் நினைவுக்கு வந்தது. பழைய உடம்பு பயன்படுவதற்கு இரண்டு பேர் வேண்டும். எப்போது எழுப்புவது, எப்போது இருக்க விடுவது என்று தெரிந்த ஒருவர். இருக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்காமல் இருந்துவிட்டு, கூப்பிட்டால் உடனே எழும்புகிற ஒருவர். முதலாவது ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம். இரண்டாவது ஆளாக இருப்பது நம் கையில் உள்ளது. ஒரு காலத்தில் 39 கோல் போட்டு அணித் தலைவராக இருந்தவர் உடுப்பு மாற்றாமல் மேலே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது லேசான காரியம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எல்லோருக்கும் அதன் கனம் தெரியும்.

புளோறிடாவுடனான ஏழாவது ஆட்டத்தில், மே 18 அன்று, லீஃப்ஸ் சொந்த அரங்கில் 6-1 என்று தோற்றது. புளோறிடாவின் கையிருப்பு நம்மைவிடப் பெரிது; கிண்ணமும் அவர்களுக்கே போனது. பேரன் கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதே சுற்றின் ஐந்தாவது ஆட்டத்திலும் 6-1 என்றுதான் தோற்றோம். அந்த ஒரே கோலைப் போட்டவர், திரும்ப உள்ளே எடுக்கப்பட்ட றொபேட்சன். பெடியனுக்கும் ஒரு நாள் வந்தது.

அந்தக் கோடையில் பச்சொரெற்றி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, தான் ஒரு வருடம் ஆடிய மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் தலைமைப் பயிற்சியாளருக்கு உதவியாகச் சேர்ந்தார். இனி அந்தப் பிள்ளைகளுக்குப் பலகை ஓரத்தில் எப்படி முதுகைக் கொடுத்து நிற்பது என்று சொல்லிக் கொடுப்பார். அதற்குக் குதிக்கால் நாண் தேவையில்லை.