விலக்கலும் இடமும்

ரோஜர் ஸ்பெர்ரி 1935இல் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டம் பெற்றவர். நானும் பி.ஏ. ஆங்கிலம்தான். அவர் அதன்பின் உளவியலுக்கும் விலங்கியலுக்கும் போய், தவளைகளின் கண்களைத் திருப்பிவைத்துப் பார்த்தார். நான் ஒரு வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மிச்ச நேரத்தில் பிறர் கவிதைகளில் எங்கே கோணல் என்று எழுதி வருகிறேன். ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க முடியாது. ஆனால் அவருடைய சோதனையும் அதிலிருந்து கிளைத்த ஆராய்ச்சியும் சில மாதங்களாக என்னை விடாமல் பிடித்திருப்பதற்கு விஞ்ஞான ஆர்வம் மட்டும் காரணமல்ல.

ஸ்பெர்ரி ஆரம்பித்தபோது செல்வாக்குடனிருந்த கருத்து இது: வளரும் நரம்பிழைகள் தங்கள் இலக்கைத் தேர்ந்தெடுத்துப் போவதில்லை; எது எங்கே இணைந்தாலும் பயன்பாடும் அனுபவமும் பின்னால் சரிசெய்துகொள்ளும். அவருடைய ஆசிரியர் பால் வைஸும் இழைகளுக்குத் தேர்வு கிடையாது என்ற கட்சிதான். தவளைக்கும் அதன் உறவான நியூட்டுக்கும் ஒரு விசேஷம் உண்டு. பார்வை நரம்பை அறுத்தால் அது திரும்ப வளரும். 1940களில் ஸ்பெர்ரி நரம்பை அறுத்து, விழியை அதன் குழிக்குள்ளேயே 180 டிகிரி திருப்பிவைத்தார். சில வாரங்களில் பார்வை மீண்டது, தலைகீழாக. இரையை மேலே காட்டினால் பிராணி கீழே பாய்ந்தது. முன்னால் காட்டினால் பின்னால் திரும்பியது. நாட்கள் போயும் அது திருத்திக்கொள்ளவில்லை. இழைகள் புதிய நிலைமையைச் சட்டைசெய்யாமல், மூளையில் தங்கள் பழைய விலாசங்களுக்கே போய்ச் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு செல்லும் ஒரு ரசாயன அடையாளத்தைச் சுமக்கிறது, அதைக்கொண்டே இழை தன் இடத்தை அறிகிறது என்று 1963இல் அவர் தன் கொள்கையைத் தொகுத்துச் சொன்னார்.

அனுபவம் பார்வையைத் திருத்தும் என்பது விமர்சகனுடைய மூலதனம். தொடர்ந்து படித்தால், தொடர்ந்து சொன்னால், ரசனை நேராகும் என்று நம்பித்தான் நாங்கள் எழுதுகிறோம். ஸ்பெர்ரியின் தவளை அந்த நம்பிக்கையின் மேல் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. என்றாலும் என்னை உண்மையில் தடுமாறச் செய்தது தவளை அல்ல. அதற்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகு கோழிக்கரு.

நுனியில் விரல்கள் விரிந்த ஒரு கை மாதிரி இருக்கும் வளரும் இழை. அந்த நுனியை 1890இல் ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் கோழிக்கருவில் கண்டு விவரித்தார். இந்தக் கை எதைத் தொட்டு வழி அறிகிறது? ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஃப்ரீட்ரிக் போன்ஹோஃபரும் சகாக்களும் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விழித்திரையிலிருந்து வரும் இழைகள் போய்ச் சேரும் மூளைப்பகுதிக்கு டெக்டம் என்று பெயர். விழித்திரையின் மூக்குப்பக்க இழைகள் டெக்டத்தின் பின்பகுதிக்குப் போகும். நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகள் முன்பகுதியில் நின்றுவிடும். போன்ஹோஃபர் குழு முன்பகுதியின் சவ்வையும் பின்பகுதியின் சவ்வையும் மாற்றி மாற்றி, ஏறக்குறைய ஒரு தலைமயிர் அகலமுள்ள பட்டைகளாகப் பரப்பி அதன்மேல் இழைகளை வளரவிட்டது. பொட்டுப்பக்க இழைகள் முன்பகுதிப் பட்டைகளில் மட்டும் வளர்ந்தன. சரி, முன்பகுதி அவற்றை அழைக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பின்பகுதிச் சவ்வைச் சூடாக்கி அதன் சத்தைக் கெடுத்ததும் இழைகள் பேதமில்லாமல் இரண்டிலும் வளர்ந்தன. முன்பகுதி அழைக்கவில்லை. பின்பகுதி விலக்கிக்கொண்டிருந்தது. 1995இல் ட்யூபிங்கனிலும் ஹார்வர்டிலும் அந்த விலக்கும் மூலக்கூறுகள் அகப்பட்டன. எஃப்ரின் என்பது இன்று அந்தக் குடும்பத்தின் பெயர். டெக்டத்தின் பின்பக்கம் போகப்போக அது கூடுகிறது. அதை உணரும் ஏற்பிகள் பொட்டுப்பக்க இழைகளில் அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் அசிங்கமானது. இடம் என்பது விலக்கலால் கிடைப்பது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நண்பருடைய முதல் தொகுப்புக்கு இதுபோன்ற ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கம் மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று இன்றும் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, நான் கேட்காமலே, "நீங்க எழுதினது சரிதான் சார்" என்றார். அதுவரை என்னை 'சார்' போட்டுக் கூப்பிட்டதில்லை அவர். கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்த வாக்கியத்துக்கு ஒரு பதிலாகத்தான் நான் கோழிக்கருவைப் பிடித்துக்கொண்டேன். விலக்குவதும் வழிகாட்டுவதுதான், தவறான தரையிலிருந்து ஒருவரைத் திருப்பிவிட்டேன், அவ்வளவே என்று.

இந்தச் சமாதானம் நிற்கவில்லை. 2000இல் அமெரிக்காவின் ஸால்க் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு சோதனை அதைக் கலைத்தது. சுண்டெலியின் விழித்திரையிலிருந்து மூளைக்கு இழை அனுப்பும் செல்களில் ஏறக்குறையப் பாதியில் மட்டும் ஏற்பிகளைக் கூட்டினார்கள். மூளையில் ஒரு வரைபடத்துக்குப் பதில் இரண்டு உருவாயின. ஏற்பி கூடியவை முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றன. கைவைக்கப்படாத செல்களின் இழைகளோ பின்னால் தள்ளப்பட்டன. அவற்றிடம் எதுவும் மாறவில்லை. அவற்றின் பக்கத்திலிருந்தவை மாறிவிட்டன. ஆக, அடையாளம் ஒரு நிலையான விலாசமல்ல. அடுத்த இழையைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பதுதான் கணக்கு. நான் அந்தத் தொகுப்பைப் படித்த மாதத்தில் மேஜைமேல் வேறு என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் வைத்துத்தான் அவரை அளந்தேன். அதை மதிப்புரையில் சொல்லவில்லை. ஏதோ அவருடைய விலாசமே அதுதான் என்கிற தொனியில் எழுதினேன்.

இன்னொன்று. டெக்டத்தின் பின்பகுதி விலக்கும்போது முன்பகுதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஒரே திசுவின் இரண்டு முனைகள் அவை. எஃப்ரின் பட்டதும் விரல்களை உள்ளிழுத்துச் சுருங்குகிற நுனி, மறுபடி விரிந்து வளர முடியும். வளர்வதற்குத் தரை இருக்கிறது. முந்நூறு பிரதி அச்சாகும் நம் உலகத்தில் நான் சொன்ன 'இல்லை'க்கு அப்பால் அந்த நண்பருக்கு என்ன தரை இருந்தது? இருந்திருந்தாலும் அது எந்தப் பக்கம் என்று நான் காட்டவில்லை.

உயிரியலிலிருந்து விமர்சனத்துக்கு விதி எடுக்க முடியாது. மனிதர் இழையல்ல, பத்திரிகை மூளையல்ல. மதிப்புரையை வாபஸ் வாங்கவும் நான் தயாரில்லை. போன வாரம் அந்தத் தொகுப்பை எடுத்து மறுபடி படித்தேன். என் ஆட்சேபங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆனால் கடைசிப் பகுதியில் மூன்று கவிதைகள் வேறு ஒரு திசையில் திரும்பியிருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் என் பென்சில் கோடு இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.