காய்ச்சல் விட்டது, கவலை விடவில்லை

2012ஆம் ஆண்டுக் கோடையை எங்கள் குடும்பம் மறக்கவே முடியாது. கடையநல்லூர் வட்டாரத்தையும், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வேறு பல ஊர்களையும் டெங்குக் காய்ச்சல் ஆட்டிப் படைத்த காலம் அது. கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, பன்னிரண்டு வயது மகனுடன் சங்கரன்கோவிலுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே சிறுவனுக்குக் கடுங்காய்ச்சல்.

"மாமா, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது" என்று துடித்தான். நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். மருத்துவரைக் கேளாமலே ஆஸ்பிரின் மாத்திரையை வாங்கி வந்து கொடுத்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. உம்மா மகிழ்ச்சியோடு கஞ்சி காய்ச்சினார்கள். அன்று மாலையே அவனது பல் ஈறில் இரத்தம் கசிந்தது. கைகளில் செம்புள்ளிகள் தோன்றின. திருநெல்வேலிக்கு விரைந்தோம். இரத்தத் தட்டணுக்கள் 38,000 என்றது சோதனைச் சீட்டு.

அன்றுதான் அந்தப் பெயரையே நான் கருத்தூன்றிக் கேட்டேன். ஒரு துளி இரத்தத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே ஒரு மைக்ரோ லிட்டர். அதற்குள் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்க வேண்டுமாம். எலும்பு மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து உதிரும் சிறு துணுக்குகள் இவை. இவற்றுக்கு உட்கரு இல்லை. வாழ்நாள் எட்டு முதல் பத்து நாள். இரத்தக் குழாயில் எங்கேனும் காயம் பட்டால் அங்கே ஓடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. முட்கள் போல் கைகளை நீட்டி ஒன்றையொன்று பற்றி உடைப்பை அடைக்கின்றன. பின்னர் ஃபைப்ரின் இழைகள் வலை பின்னி அவ்வடைப்பை உறுதியாக்குகின்றன. இத்தாலிய மருத்துவர் பிட்சொசெரோ 1882இல் இப்பணியை விளக்கினார்.

"என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆஸ்பிரின் பட்ட தட்டணு, தன் ஆயுள் முடியும்வரை ஒட்டும் திறனில் குறைந்தே இருக்குமாம். எண்ணிக்கையை நோய் குறைத்தது. எஞ்சியவற்றின் கைகளை நான் கட்டிவிட்டேன்! டெங்கு எனச் சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் உரிய அளவில்.

"என் இரத்தத்தை எடுத்து இப்போதே தட்டணு ஏற்றுங்கள்" என்று மன்றாடினேன். "பெரும் இரத்தப்போக்கு இல்லாதவரை, பொதுவாக 10,000க்குக் கீழே இறங்கினால்தான் அதைப் பற்றி யோசிப்போம். எண்ணைப் பார்த்து அஞ்சாதீர்கள், பிள்ளையைப் பாருங்கள்" என்றார் அவர். காய்ச்சல் விடும் வேளையில் குழாய்களிலிருந்து இரத்த நீர் வெளியே கசிவதே டெங்குவின் பேராபத்து. வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவையே எச்சரிக்கைகள். அளவறிந்து திரவம் செலுத்துவதே உயிர் காக்கும் சிகிச்சை.

இரண்டு இரவுகள் உறங்காமல் கழிந்தன. மூன்றாம் நாள் எண்ணிக்கை தானே ஏறத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

வீடு திரும்பியதும் கொல்லையில் இருந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். குடிநீருக்குத் தட்டுப்பாடுள்ள ஊரில் தண்ணீரைச் சேர்த்து வைக்காத வீடேது? மூடாத அந்தத் தெளிந்த நீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. கொசு கடித்து நான்கு முதல் பத்து நாட்களில்தான் டெங்கு தலைகாட்டும் என்பதால், மருமகனுக்கு நோய் எங்கள் வீட்டில் வந்திருக்க முடியாது. ஆனால், அவனைக் கடித்த எங்கள் வீட்டுக் கொசு, அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிச் சென்றிருக்கலாம் அல்லவா?

முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே அன்று முதல் வெள்ளிதோறும் தொட்டியை வடித்துச் சுவரைத் தேய்த்துக் கழுவி மூடுகிறோம். இப்போது இளைஞனாகிவிட்ட மருமகன், ஊருக்கு வரும்போதெல்லாம் தானே தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறான்.