பொட்டி மாத்துன கதை

அன்புள்ள கோமு,

"லாரிக்குள்ள கம்ப்யூட்டரா?"ன்னு போன்ல சிரிச்சுட்டு, வாத்தியார் கூப்பிடறார்னு வச்சுட்டே. பாதிக் கதையில விட்டா எனக்குத் தூக்கம் வருமா? அதான் எழுத உக்காந்துட்டேன். படிச்சதும் கிழிச்சுப் போட்ரு. எங்க ஓரகத்தியோட தங்கச்சி உங்க தெருவுலதான் இருக்கா, ஞாபகம் வச்சுக்க.

நம்ம பன்னெண்டு சக்கர வண்டி 2018 மாடல். 2017 ஏப்ரல்ல இருந்து 2020 மார்ச் வரைக்கும் நாடு பூராவும் பிஎஸ்-4 வண்டிதான் விக்கணும்னு இருந்துச்சில்ல, அந்த வகை. எங்கப்பா ஓட்டுன வண்டியில பேட்டரி செத்தாலும் நாலு பேரு தள்ளிவிட்டா எஞ்சின் எடுத்துக்கும், ஊரு வந்து சேந்துடலாம். இதுல அப்படி இல்லடி. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிச்சா, அந்த மிதி மொதல்ல கம்ப்யூட்டர் பொட்டிக்குத்தான் போகுது. பொட்டி எல்லா சென்சாரையும் விசாரிச்சு, எந்த இன்ஜெக்டர் எப்பத் திறக்கணும், எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்கணும்னு உத்தரவு போடும். உத்தரவு வரலைன்னா ஒரு சொட்டு டீசல் இறங்காது. பட்டறையில அதுக்கு ஈசிஎம்னு பேரு. எங்க மாமியார் மட்டும் சாமிப்பொட்டின்னு சொல்லுவாங்க; தொட்டாக் குத்தம்ங்கிறதாலயோ என்னமோ.

நூல் லோடு ஏத்திக்கிட்டு பெங்களூரு போற வழியில, தொப்பூர் கணவாய் ஏத்தத்துல வண்டி திணறியிருக்கு. "அம்மா, மிதிச்சா எடுக்கவே இல்லீங்க"ன்னு டிரைவர் போன் பண்றான். ஓரங்கட்டி நிறுத்திட்டு மறுபடி சாவி போட்டா, செல்ஃப் சுத்துது, எஞ்சின் பிடிக்கலை. லோடை வேற வண்டிக்கு மாத்திவிட்டு, நம்மளதைச் சங்ககிரிக்குக் கட்டி இழுத்துட்டு வந்தோம். நடை போச்சு, டியூ தேதி மட்டும் எங்கயும் போகல.

சர்வீஸ் சென்டர் ஆளு வந்து ஸ்கேனரை மாட்டுனான். அந்த சென்சார் ஃபெயில், இந்த சென்சார் ஃபெயில்னு பட்டியல் இறங்கிட்டே போகுது. "இத்தனையும் ஒண்ணா கெடாதுங்க, பொட்டிதான் போயிருக்கு, மாத்திருங்க"ன்னான். விலை கிட்டத்தட்ட ஒரு பவுன் காசு. பணத்தை முன்னாடியே கட்டணும். சேசிஸ் நம்பருக்கு புரோகிராம் ஏத்திட்டா திருப்பி வாங்க மாட்டாங்க. எங்கூட்டுக்காரர் என் கழுத்தைப் பாத்தாரு பாரு, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான்தான் நம்ம செட்டுக்கு வர்ற எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். வாய் ரொம்பப் பேசுவாரு, பில்லும் சின்னதா இருக்காது. ஆனா அன்னிக்கு அவர் பாத்த வேலையை நின்னு பாத்தேன் கோமு, அசந்துட்டேன். பொட்டிப் பக்கமே போகல. பொட்டி சென்சாருக்கெல்லாம் 5 வோல்ட் அனுப்புமாம். நாலஞ்சு சென்சார் ஒரே லைன்ல தொங்கும். அதுல ஒண்ணு உள்ளுக்குள்ள ஷார்ட்டானாப் போதும், மொத்த லைனும் படுத்துரும். ஸ்கேனர்ல எல்லாமே கெட்ட மாதிரி தெரியும், பழி பொட்டி மேல விழும். புதுப் பொட்டி வாங்கி மாட்டிட்டு, அதுவும் ஓடாம ஏமாந்தவங்க நிறையப் பேராம். அதனால ஒவ்வொரு சென்சாராக் கழட்டிக் கழட்டி, 5 வோல்ட் திரும்புதான்னு மீட்டர்ல பாத்தாரு. திரும்பலை. அப்புறம் பொட்டி சாக்கெட்டைக் கழட்டி, வயரிங் எங்கயாவது பாடியில உரசுதான்னு தேடுனாரு. அதுவும் சுத்தம்.

அடுத்து பொட்டிக்கு வர்ற கரண்ட்டுல ஒரு 24 வோல்ட் பல்பை மாட்டுனாரு. "மீட்டர்ல 24 காட்டுதே, பல்பு எதுக்குண்ணா?"ன்னேன். அரிச்சுப்போயி ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு நின்னாலும் மீட்டர் 24 காட்டுமாம். சுமை கொடுத்தாத்தான் வண்டவாளம் தெரியுமாம். பல்பு நல்லாவே எரிஞ்சுது. எர்த் கம்பியும் சரி. கடைசியாத்தான் பொட்டியைத் தனியா மேசையில வச்சு, ரெண்டு பேட்டரியைச் சேத்துக் கரண்ட் கொடுத்தாரு. சென்சார் ஒண்ணுமே இல்லாமலும் 5 வோல்ட் வரலை, ஒரு மூலை மட்டும் கொதிக்குது. "இப்பச் சொல்றேன் அம்மணி, பொட்டிதான்"னாரு. சர்வீஸ் சென்டர்க்காரன் சொன்ன அதே பதில்தான். ஆனா இதுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வந்துச்சு.

வம்பு இனிமேத்தான் இருக்கு. பொட்டி மூடியை நெம்பித் தெறந்தா, சாக்கெட் பின் அடியில பச்சைக் களிம்பு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு பார்ட்டு கருகிக் கிடக்கு. போன மாசம் எங்க மச்சாண்டார் டூல்பாக்ஸுக்கு வெல்டிங் வச்சாரு. பேட்டரிக் கம்பியைக் கழட்டலை, வெல்டிங் எர்த்தையும் சேசிஸ்ல எங்கயோ கடைசியில மாட்டியிருக்காங்க. அந்தக் கரண்ட்டு திரும்பி வர எந்த வழி கிடைச்சாலும் புகுந்துரும். அதான் எரிச்சிருச்சுன்னு நான் சொல்றேன். ஓரகத்தி விடுவாளா? "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூஜைன்னு கேபின்ல தண்ணி பீச்சி அடிக்கறது யாரு?"ங்கறா. அது எங்கூட்டுக்காரர் வேலைதான். எலக்ட்ரீஷியன் அண்ணன் எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டுக் கூலியை வாங்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. இப்ப ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. குழந்தைங்க மட்டும் போய்வருதுங்க.

மாத்துப் பொட்டி சென்னை புதுப்பேட்டையில கிடைச்சுது, அடிபட்ட வண்டியில இருந்து கழட்டினது. லேபிள் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகணும். வெளிய பாத்தா எல்லாம் ஒரே அலுமினியப் பொட்டிதான். அப்படியே மாட்டினாலும் ஓடாது. சாவியை அடையாளம் தெரியணும், சேசிஸ் நம்பர் பொருந்தணும். அதோட ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் ஒரு கோட் நம்பர் பொறிச்சிருக்கு. செய்யறப்ப வர்ற துளி வித்தியாசத்துக்குத் தக்கபடி டீசல் அளவைத் திருத்த அது. ஆறு கோட் நம்பரும் மாறாம ஏறலைன்னா ஐடிலிங் ஆடும், புகை அடிக்கும். நல்லவேளை, பழைய பொட்டியில மெமரி சிப்பு உயிரோட இருந்துச்சு. நாமக்கல்ல லேப்டாப் வச்சிருக்கிற ஒரு பையன் எல்லாத்தையும் அப்படியே காப்பி எடுத்துப் போட்டுக் கொடுத்தான். நம்ம பசங்களை விடச் சின்னவன்டி! மேல ஒரு சலுகையும் நீட்டுனான்: "யூரியாவைக் கட் பண்ணித் தரட்டுங்களா? ஊத்துற செலவு மிச்சம்." எங்கூட்டுக்காரர் கண்ணு மின்னுச்சு. நான்தான் அதட்டி அடக்குனேன். புகையைச் சுத்தம் பண்ணத்தானே அது வச்சிருக்கு? எஃப்சிக்குப் போய் நிக்கறப்ப யாரு பதில் சொல்றது?

மாட்டுனதும் மொத செல்ஃப்லயே எஞ்சின் பிடிச்சுது. டிரைவர் எலுமிச்சம்பழம் வைக்கறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்துட்டான், மாமியாருக்கு அதுல ஒரு வருத்தம். இப்ப வண்டி புனே போயிருக்கு. கேபினுக்குத் தண்ணி பீச்சறது நின்னாச்சு, ஈரத்துணிதான். இதை மட்டும் ஓரகத்தி காதுல போட்றாதே, ஒத்துக்கிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லுவா.

உன் தம்பி புது டிராக்டருக்குக் கொக்கி வெல்டிங் வைக்கப்போறான்னியே, அதுலயும் பொட்டி இருக்கான்னு கேளு. இருந்தா பேட்டரிக் கம்பி ரெண்டையும் கழட்டி, பொட்டி சாக்கெட்டையும் உருவிட்டு, எர்த்தை வெல்டிங் வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டச் சொல்லு. வைகாசித் தேருக்குத் திருச்செங்கோடு வர்றேன்னு சொல்லிட்டுப் போன வருசம் மாதிரி ஏமாத்தாதே. சரோஜா வீட்டுச் சம்பந்தக் கதை ஒண்ணு இருக்கு, அதை எழுத்துல எழுதவே கூடாது.

உன்
வசந்தி