இலக்கமிட்ட கற்கள் – லுனுகங்கையில் ஒரு நாள்

களுபோவிலையில் எங்களுடன் தையல் பழகும் பெண்களிற் பலர் வன்னியிலிருந்து வந்தவர்கள். கொழும்பில் ஆண்டுக்கணக்காக இருந்தும் ஆஸ்பத்திரியையும் தெஹிவளைச் சந்தியையும் தவிர வேறிடம் காணாதவர்கள். "ஒருநாள் எங்கையாவது போவம் அக்கா" என்று அவர்கள் கேட்க, தெஹிவளையில் கரையோர ரயிலேறினோம். பாணந்துறை, களுத்துறை, பேருவளை எனக் கடலும் கூடவே வந்தது. அளுத்கமவில் இறங்கி, முச்சக்கரவண்டியில் பெந்தோட்டைப் பக்கம் தெத்துவ வாவிக்கரைக்குப் போனோம். அங்கேதான் லுனுகங்கைத் தோட்டம் இருக்கிறது. லுனுகங்கை என்றால் உப்பு ஆறு.

ஒல்லாந்தர் காலத்தில் இது கறுவாத் தோட்டம். ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர்த் தோட்டமானது. 1948இல் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது இதை வாங்கியவர் ஜெஃப்ரி பாவா. அப்போது அவர் சட்டத்தரணி.

அவர் முதலில் விரும்பியது இத்தாலியில் ஒரு 'வில்லா'. அங்கு வில்லா என்பது வெறும் மாளிகையன்று. திராட்சை, ஒலிவ், தானிய வயல்களோடு சேர்ந்த பண்ணை வீடு. நடுவில் சொந்தக்காரரின் வீடும் பூந்தோட்டமும். சுற்றிவரப் பயிரிடும் குடும்பங்கள். அக்குடும்பங்கள் விளைச்சலிற் பாதியைச் சொந்தக்காரருக்குக் கொடுக்கும். நம் ஊர் வாரக்குடி முறையைப் போன்றதுதான். கார்டா ஏரிக்கரையில் அப்படியொரு வீடு வாங்க எண்ணிய பாவாவுக்கு அது கைகூடவில்லை. நாடு திரும்பி, இந்தப் பாழ்நிலத்தில் தமக்கான வில்லாவை உருவாக்கத் தொடங்கினார்.

பழைய வீட்டை அவர் இடித்துத் தள்ளவில்லை. வாசலைத் திருப்பினார். மரங்களை வெட்டி, மேட்டைத் தாழ்த்தி, வீட்டிலிருந்தே வாவி தெரியச் செய்தார். தோட்டத்தை ஊடறுத்துச் செல்லும் வீதி கண்ணிற் படாதபடி பள்ளத்தில் மறைந்திருக்கிறது. இந்தத் தோட்டவேலையே அவரைக் கட்டடக்கலை பக்கம் இழுத்தது. லண்டனிற் படித்து 1957இல் கட்டடக் கலைஞரானபோது அவருக்கு வயது 38. 1982இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுரப் பாராளுமன்றக் கட்டடம் அவர் வரைந்ததே. ஆயினும் 2003இல் இறக்கும்வரை லுனுகங்கையை அவர் முடித்துவிட்டதாக எண்ணவில்லை. நிலத்தை வெட்டிச் சமன்படுத்திய தொழிலாளரின் உழைப்பும் அந்த அரைநூற்றாண்டில் அடங்கும்.

அங்கே எம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இன்னொரு வீடு. பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பு ஆல்பிரட் பிளேஸில் பாவா கட்டிய முற்றத்து வீடு அது. மாத்தளை அளுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் கைத்தையலும் பழக்கித் தொழில் கொடுத்தவர் ஈனா. 2009இல் கொழும்புக் காணி கைமாறியது. வீட்டை இடிக்க மனமில்லாதவர்கள் அதை அளந்து, படம் வரைந்து, கல், தூண், கதவு, யன்னல்களுக்கு இலக்கமிட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். 2015இல் ஈனா காலமானார். மறு ஆண்டு வீடு திறக்கப்பட்டது.

இதைக் கேட்டு எங்களில் ஒருவர் முற்றத்திலேயே இருந்துவிட்டார். "நாங்களும் கதவு நிலையையும் தகரத்தையும் கழட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டனாங்கள் அக்கா. கிளிநொச்சியிலயிருந்து தருமபுரம், பிறகு விசுவமடு... நிலையை எங்க விட்டதெண்டே நினைவில்லை."

அந்த வீடு கழற்றப்பட்ட அதே 2009இல்தான் அவர் நிலையை இழந்தார். கொழும்பு வீட்டுக்கு நாளும் பணமும் வரைபடமும் இருந்தன. அவருக்கு ஒரு இரவு மட்டுமே இருந்தது.

திரும்பும் ரயிலில் அவர் கொப்பித்தாளில் தம் வீட்டைக் கீறினார். கிணறு, வேலி, முற்றத்து மாமரம், கதவு வைத்த திசை. பக்கத்திலிருந்தவர்களும் தாள் கேட்டு வாங்கினார்கள்.

சகோதரிகளே, நீங்களும் ஒருமுறை கீறிப் பாருங்கள். எல்லை எது, அயற்காணி யாருடையது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உறுதி தொலைந்திருந்தால், பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்டுப் பெறலாம். அங்கே போகும்போது இந்தத் தாளும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், அந்த வீட்டை அவர்கள் கண்டதில்லை.