31 டிகிரித் தண்ணீர்

கரையான்சாவடியில் ஆவடிக்குத் திரும்பும் சாலையை ஒட்டிய சந்து அது. கீழே ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ. மாடியில், ஒரு காலத்தில் கல்யாண ஆல்பங்களுக்காக ஓயாமல் ஓடிய இருட்டறை. இன்று அங்கே வருவதெல்லாம் விஸ்காம் படிக்கும் பிள்ளைகளின் கறுப்பு வெள்ளைச் சுருள்கள்தான். கழுவித் தருபவர் அறுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணன். மே மாதப் பிற்பகல். குழாய்த் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டார்: 31.

“இதான் தம்பி நம்ம ஊரு. மத்ததெல்லாம் பேப்பர்ல இருக்கறது.”

பேப்பர் என்றால் இல்ஃபோர்டின் கால அட்டவணை. 20 டிகிரிக்கு எழுதியது. எச்.பி.5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் சேர்க்காமல் கழுவினால் ஏழரை நிமிடம். சமபங்கு தண்ணீர் சேர்த்தால் 13. மூன்று பங்கு சேர்த்தால் 20. ஒரு டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். அப்படியானால் 31 டிகிரியில் அந்த ஏழரை நிமிடம் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. டேங்கில் ஊற்றி வடிக்கவே அரை நிமிடம் போய்விடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் மருந்து சீராக ஏறாமல் வானம் பட்டை பட்டையாக வரும்.

தண்ணீர் சேர்ப்பது கூர்மைக்காக என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். இங்கே தண்ணீர் சேர்ப்பது முதலில் நேரத்துக்காக.

ஐஸ் கட்டிகள் மிதக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் பாட்டில்களை நிறுத்துகிறார். 20 வரை ஏன் இறக்கவில்லை? இறக்கினாலும் கையில் வைத்து ஆட்டும் 13 நிமிடத்தில் மெல்ல ஏறிவிடுமாம். அதோடு, கடைசியில் அலசும் தண்ணீர் எப்படியும் குழாயிலிருந்துதான். குளிர்ந்து கிடந்த பிலிமைச் சட்டென்று சூட்டில் போட்டால் மேலிருக்கும் ஜெலட்டின் நொறுநொறுவென்று சுருங்கும். அந்த நெகட்டிவை எந்த வித்தையும் மீட்காது. அதனால் 24 டிகிரி, ஒன்றுக்கு ஒன்று, ஒன்பதரை நிமிடம். படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவும் அதே தொட்டியில். அலசும் தண்ணீரைப் படிப்படியாகச் சூடேற விடுகிறார். அட்டவணைக்கும் ஊருக்கும் நடுவே அவர் பிடித்து வைத்திருக்கும் இடம் அது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

மருந்தையும் அவரே நிறுக்கிறார். கோடக் 1920-களில் கொண்டுவந்த டி-76, ஐடி-11-க்கு இரட்டைப் பிறவி. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. வெதுவெதுப்பான நீரில் மெட்டால் முதலில் கரைய வேண்டும். சல்பைட்டை முந்தவிட்டால் மெட்டால் கரைய அடம்பிடிக்கும். அந்த 100 கிராம் சல்பைட்டே வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கொஞ்சம் தின்று மழுக்குகிறது. தண்ணீர் சேர்த்தால் அந்த வேலை குறையும். துகள் தெரியும், விளிம்பும் கூர்மையாகும். தண்ணீர் கலந்த மருந்து ஒரே முறைதான், பிறகு கொட்டிவிட வேண்டும்.

வெயில் நாட்டுக்கென்றே கோடக் டிகே-15 என்றொரு மருந்து வைத்திருந்தது. ஜெலட்டின் ஊதாமலிருக்க சோடியம் சல்பேட் சேர்ப்பார்கள். நம் நாட்டிலேயே பிலிம் செய்ய 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் குளிரும் ஊட்டியில் அமர்ந்தது. அங்கே செய்த ‘இந்து’ சுருள்களைச் சமவெளியின் இருட்டறைகள் ஐஸ் போட்டுக் கழுவின. அந்த ஆலையும் இன்று இல்லை.

ஒரு மாணவி போன வாரச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தாள். உச்சிவெயிலில் மெட்ரோ தூண்களுக்கு அடியில் எடுத்தவை. வெள்ளைச் சட்டைகள் அடர்ந்திருந்தன, தூணடி நிழல் வெறும் கண்ணாடி.

“நிழல்ல ஒண்ணுமே பதியலியேம்மா. நிமிஷத்தக் கூட்டினா சட்டதான் இன்னும் ஏறும். எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் தொறந்து வுடு. நான் நேரத்தக் கொறச்சிக்கறேன்.”

“ஒண்ணுக்கு மூணு போட்டுப் பாக்கலாமாண்ணா?”

அண்ணன் டேங்கைத் தட்டினார். ஒரு சுருளுக்கு 300 மில்லி; அதில் உண்மையான மருந்து 75 மில்லிதான், பாதியிலேயே களைத்துவிடும். இரண்டு சுருள் பிடிக்கும் பெரிய டேங்கில் ஒன்றை மட்டும் போட்டு 600 மில்லி ஊற்றினால் 150 கிடைக்கும். 24 டிகிரியில் பதினாலரை நிமிடம். “காசு கொஞ்சம் கூட ஆவும், பரவால்லியா?” என்றார். அவள் அடுத்த சுருளை நீட்டினாள்.