வினையெச்சத்தில் அம்மா

ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'என் அம்மா' என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். மொத்தம் முப்பத்தெட்டு நோட்டு. இருபத்தாறாவதைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன், முந்தைய நாலைந்து நோட்டுக்குப் படிக்காமலே சரி போட்டிருக்கிறேன். படிப்பதற்கு என்ன இருந்தது? 'என் அம்மா அதிகாலையில் எழுந்து, வாசல் தெளித்து, கோலமிட்டு, தண்ணீர் பிடித்து, சமைத்து, எங்களுக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்புவாள்.' அடுத்த நோட்டிலும் இதுதான். அதற்கடுத்ததில் கோலம் இல்லை, இட்லி இருந்தது.

தமிழாசிரியையின் புத்தி எங்கே போகும்? இலக்கணத்துக்குத்தான் போனது. எழுந்து, தெளித்து, பிடித்து, சமைத்து, வாரி எல்லாம் வினையெச்சம். முற்று ஒன்றே ஒன்று, 'அனுப்புவாள்'. எச்சம் என்றால் முடியாமல் நிற்பது. ஒரு பெண் விடியற்காலை நாலரை மணியிலிருந்து செய்கிற வேலை முழுவதும் எச்சமாக நிற்க, பிள்ளை பள்ளிக்குப் போவது மட்டும் வாக்கியத்தை முடிக்கிறது. இருபது வருடமாக இந்த வாக்கியத்துக்குச் சரி போட்டு வந்திருக்கிறேன்.

நானும் இப்படித்தான் எழுதினேன். இதே புதுச்சேரியில், வேறொரு பெண்கள் பள்ளியில், கோனார் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்து எழுதினேன். 'என் தாய் எங்கள் வீட்டின் விளக்கு' என்பது என் முதல் வரி. பத்துக்கு ஒன்பது வாங்கினேன். அந்த வருடமெல்லாம் என் அம்மா வீட்டில் உட்கார்ந்து ஒரு வியாபாரிக்கு அப்பளம் இட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. மழை நாளில் காயாமல் போனால் அந்த நஷ்டம் அவருடையது. என் பள்ளிக் கட்டணம் அந்த அப்பளத்திலிருந்து வந்தது. அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்ததாகவும் ஞாபகமில்லை. வீட்டில் உட்கார்ந்து செய்வது வேலை என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

விளக்கு என்ற சொல் எங்கள் ஊருக்கு நெருக்கமானது. 1909இல் தொடங்கி 1946இல் ஓய்வுபெறும்வரை பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிகளில் தமிழ் கற்பித்த ஓர் ஆசிரியர் 'குடும்ப விளக்கு' எழுதினார். பாரதிதாசனின் அந்த நூலின் முதல் பகுதி ஒரு பெண்ணின் ஒருநாளை விடியலிலிருந்து இரவுவரை சொல்லும். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். பெண்ணின் வேலையை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் அவர். அந்த மதிப்பு எனக்கு உண்டு. ஆனாலும் அந்த வீட்டின் ஒழுங்கைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: அவள் எப்போது உட்கார்ந்தாள்?

மறுநாள் வகுப்பில் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாகத் தாளில் எழுதி, துண்டு துண்டாக வெட்டி மேசையில் போட்டேன். 'என் அம்மா அன்பானவர்.' 'என் அம்மா நன்றாகச் சமைப்பார்.' 'என் அம்மா என்னைத் திட்ட மாட்டார்.' 'எனக்கு என் அம்மாவைப் பிடிக்கும்.' ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கலைத்து அடுக்கச் சொன்னேன். இன்னொருத்தி வேறு மாதிரி அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் அர்த்தம் கெடவில்லை. "அப்போ இது பத்தி இல்ல, பட்டியல். மளிகைக்கடைச் சீட்டு மாதிரி" என்றேன். ஒரு வாக்கியத்தை எடுத்தால் அடுத்தது விழவேண்டும். முதல் வரி ஒன்றைச் சொன்னால், அதைக் கேட்டவருக்கு ஒரு கேள்வி வரும். ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு? அந்தக் கேள்விக்குத்தான் இரண்டாவது வரி பதில் சொல்லவேண்டும். முதல் வரிக்கு ஒரு விரல் இடம் விடுவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பத்தி என்றால் அந்த ஒரு விரல் இடம்தான் என்று நினைத்திருந்தார்கள்.

"யார் டீச்சர் இதக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள். நல்ல கேள்வி. ஓலைச்சுவடியில் பத்தி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும் என்று. ஓரத்திலிருந்து ஓரம்வரை எழுதிக்கொண்டே போவார்கள். இடம் விட்டு எழுதுகிற வசதி தாளோடும் அச்சோடும் பரவியது. எங்கள் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, குவர்னர் சொன்னது, சரக்கு, சண்டை எல்லாம் அதில் உண்டு. அவருடைய வாக்கியமும் எச்சத்தின்மேல் எச்சமாக மூச்சு விடாமல் ஓடும். அதே இருபத்தைந்து வருடத்தில் அந்த வீட்டு அடுப்படியிலிருந்து யாராவது ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

அடுத்த வகுப்பில் எச்சங்களை உடைத்தோம். 'எழுந்து' என்பதை 'எழுவாள்' என்று முடி. முடித்துவிட்டு நில். எத்தனை மணிக்கு? எழுப்புவது யார்? 'தண்ணீர் பிடிப்பாள்.' எங்கே, எத்தனை குடம்? உடைக்க உடைக்க ஒரு வரி பத்து வரியானது. பிள்ளைகளுக்கே ஆச்சரியம்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லா நோட்டிலும் அப்பா 'செல்வார்', அம்மா 'சமைப்பாள்'. பேச்சில் இன்னும் ஒருபடி கீழே, 'அப்பா சொன்னாரு, அம்மா சொல்லுச்சு.' ஏன் என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருத்தி சட்டென்று, "அம்மான்னா செல்லம் டீச்சர், அப்பான்னா பயம்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. 'அம்மா வந்தாள்' என்பதில் இருக்கிற நெருக்கத்தைச் சிவப்பு மையால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் யோசித்து எழுதுங்கள் என்று விட்டுவிட்டேன்.

2023-24 கல்வியாண்டில் எங்கள் ஊர் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. மற்றப் பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில். அங்கே பெரும்பாலும் ஒரு வரிப் பதில்தான் எழுதுகிறார்கள். தன் வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு விஷயத்தை எடுத்து, விடாமல் பத்து வரி சொல்ல இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது என் ஒரு பீரியட்தான். அதனால் அதை வீணாக்கக் கூடாது என்று ஒரு வேகம் எனக்கு. அந்த வேகத்தில்தான் தப்பு செய்தேன்.

பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண், அதிகம் பேசாதவள், இப்படி எழுதியிருந்தாள்:

'என் அம்மா ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிறார். ஒரு நாளைக்குப் பதினான்கு கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடியும் உருவி விரிக்கச் சொல்வார்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மா பாய் விரிக்க மாட்டார். நான்தான் விரிப்பேன். அது சுருங்கி இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிடுவார்.'

துண்டு துண்டாக வெட்டிக் கலைத்தால் இது கெட்டுப்போகும். பத்தி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கையில் இருந்ததில்லை. 'விரிக்கிறார்' என்று எழுதியிருந்தாள், 'விரிக்கிறாள்' என்று எழுதவில்லை. சந்தோஷத்தில் அவளைக் கேட்காமலே வகுப்பில் உரக்கப் படித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். வேலைக்குப் போகிற வழி போலிருக்கிறது, தோளில் பை. சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர், எங்க தெருவுல நான் நேரு வீதியில துணிக்கடையில நிக்கறதாத்தான் சொல்லியிருக்கேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டல்ல ரூம் வேலைன்னா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்டு ஆளுங்களுக்கே தெரியாது. இப்போ பக்கத்து வீட்டுப் புள்ள வந்து, 'உங்க அம்மா கட்டில் விரிக்குதாமே'ன்னு கேக்குது."

எனக்குத் தெரியும். நம் ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? வெள்ளைக்காரத் தெருவின் பழைய பிரெஞ்சு வீடுகள் ஒவ்வொன்றாக விடுதியாகிவிட்டன. அங்கே தங்க வருகிறவர்களைப் பற்றி யாருக்கும் ஒரு சொல் இல்லை. அறையைக் கூட்டுகிற பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. உண்மையை எழுது, உண்மையை எழுது என்று பிள்ளையிடம் ஓதினேன். அந்த உண்மை பாதி இன்னொரு பெண்ணுக்குச் சொந்தம் என்று யோசிக்கவில்லை. அப்பளம் இட்டதை நான் எழுதாமல் விட்டதற்குப் பரிகாரம்போல இவள் அம்மாவின் கட்டிலை எடுத்து ஊர்முன் போட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. "அந்த நோட்டக் குடுங்க" என்றார். அஞ்சாவது வரை படித்தவராம். விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, மெதுவாகப் படித்தார். பாய் விரிக்கிற வரி வந்ததும் விரல் நின்றது. மறுபடி மேலே போய் ஆரம்பத்திலிருந்து படித்தார்.

"பதினாலு இல்ல டீச்சர்" என்றார். "சனி, ஞாயிறுல பதினெட்டு. மத்த நாள்லதான் பதினாலு. அப்புறம், மறுபடி விரிக்கச் சொன்னது ஒருவாட்டிதான், சேந்த புதுசுல. இவகிட்ட எப்போ சொன்னேன்னே ஞாபகம் இல்ல."

"திருத்தி எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்."

பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னார். நோட்டில் தாள் கிழிக்கக் கூடாது என்பது என் சட்டம். அளவுகோல் வைத்துச் சீராகக் கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, மணி பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் அடுத்து எழுதியது 'மழை' பற்றி. மழை மேகத்திலிருந்து வருகிறது, மழையால் பயிர் வளர்கிறது, மழை உயிர்களுக்கு அவசியம். எப்படி வேண்டுமானாலும் கலைத்து அடுக்கலாம். நான் சரி போட்டேன். வேறு என்ன செய்ய?

இப்போது என் வகுப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. வலப்பக்கம் எனக்கு. இடப்பக்கத்தில் எழுதி உள்ளே மடித்துவிட்டால் நான் பிரிக்க மாட்டேன், வகுப்பிலும் படிக்க மாட்டேன். எழுதியதற்கு மதிப்பெண் உண்டு. படிக்காமல் எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். படித்துவிட்டும் இருபது வருடம் அப்படித்தானே போட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

இந்த வருடம் நாற்பத்தொரு நோட்டு. மடித்த பக்கங்கள் மாதாமாதம் கூடிக்கொண்டிருக்கின்றன. பின்வரிசைப் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் நோட்டில் இதுவரை ஐந்து பக்கம் மடித்திருக்கிறது. முதல் வரிக்கு ஒரு விரல் இடம் விட்டிருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது.